கேற்றுத் தூணில் எச்சில்

பின்னேரம் மூன்று மணி. பாலையூற்றில், பெரிய வீதியை விட்டு உள்ளே திரும்பும் ஒரு கிறவல் ஒழுங்கை. அன்று ஹர்த்தால்... கடை பூட்டு, பஸ் இல்லை, ஓட்டோ இல்லை. ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு தலை கிடையாது. அந்த வெயிலில் ஒரு பெரிய இரும்புக் கேற்றுக்கு முன்னால் லாபிர் பழந்துணியோடு நிற்கிறான். துணி முழுக்க எச்சில்.

வெங்காயம் உரிக்கிற கையை நிறுத்த வேண்டாம். விடிந்தால் கல்யாணம், அறுநூறு பேருக்குச் சமையல் கிடக்கிறது. கிட்ட வந்து இருந்துகொண்டு கேளுங்கள். சாப்பாடும் வரும் இந்தக் கதையில். வயிற்றைப் பிரட்டினால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

லாபிர் என் கூட்டாளி ஜெமீலின் மச்சான். வயரிங் வேலைக்காரன். கெட்டிக்காரன், வாய் காட்டாதவன். இந்தக் கதையை ஜெமீலுக்கு ஒருதரம் சொன்னான். எனக்கு ஒருதரம் சொன்னான். அதற்குப் பிறகு கேட்டால் எழும்பிப் போய்விடுவான்.

நடந்தது இரண்டாயிரத்து ஏழில், சண்டைக் காலத்தில். அந்த நேரம் எப்படி இருந்தது என்று இங்கே இருக்கிற பெரியாக்களுக்குத் தெரியும். பொழுதுபட்டால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. கேற் தட்டுப்பட்டால் உள்ளே லைட்டை நூர்த்து இருட்டாக்குவார்கள். இலக்கத் தகடு இல்லாத வான் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினால்... நாய் கூடக் குரைக்காது.

அப்படியான ஒரு நாளில்தான் குணரத்தினம் லாபிரைக் கூப்பிட்டார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. வயது ஐம்பத்தைந்து இருக்கும். மனைவி கமலாதேவி. ஒரே மகள் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டாள். கொழும்பிலிருந்து ஒரு பெட்டி எடுப்பித்து மேசையில் வைத்திருந்தார். கமெரா பெல். கேற்றில் ஒரு கமெராவும் பெல் பொத்தானும். வீட்டுக்குள்ளே சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை, பக்கத்தில் ஒரு ரிசீவர். வெளியே நிற்கிறவர் பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும், முகம் திரையில் வரும். ரிசீவரை எடுத்துக் கதைக்கலாம். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் அந்த நாளில் திருகோணமலையில் அது பெரிய புதினம்.

குணரத்தினம் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டாராம்.

“நாங்கள் அவையைப் பாக்கலாம். அவைக்கு எங்களைத் தெரியாது. அப்பிடித்தானே தம்பி?”

“ஓம் ஐயா. வெளியில நிக்கிறவருக்கு ஒண்டும் தெரியாது.”

“உள்ளுக்க ஆள் இருக்கிறது கூட?”

“ரிசீவரை எடுத்தாத்தான் தெரியும்.”

நாட்டு நிலைமைக்குப் பயந்த மனிசன் என்று லாபிர் நினைத்தான். கேற்றுத் தூணைத் துளைத்தான், மதிலோரம் குழாய் பதித்து வயர் இழுத்தான், கமெராவைப் பூட்டினான். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. “சாப்பிட்டிட்டுப் போங்கோ தம்பி” என்று கமலாதேவி மறித்துவிட்டார். நண்டுக் கறி. மேசையில் குணரத்தினமும் லாபிரும் எதிரெதிரே. திரை குணரத்தினத்தின் கண்ணுக்கு நேரே.

டிங்... டொங்.

முதல் மணி. திரையில் ஓர் அம்மா. மெலிந்த முகம், தலைமயிர் பறக்கிறது. நெஞ்சோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பை. கமெராவைக் கண்டதும் அது என்னவென்று தெரியாமல் உற்றுப் பார்க்கிறார். அவரது கண் திரை முழுக்க வந்து நிற்கிறது.

குணரத்தினம் நண்டுக் காலைப் பல்லுக்குள் வைத்துக் கடித்தார். உறிஞ்சினார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

“இல்லையெண்டு சொல்லும்,” என்றார் மனைவியிடம்.

கமலாதேவி ரிசீவரை எடுத்தார். “கனகம்மாக்கா... அவர் வெளியில போட்டார்.”

“எப்ப வருவார் பிள்ளை? ஒரு கடிதம்தான். சிங்களத்தில ஒரு கடிதம் எழுதித் தந்தாரெண்டாக் காணும். படமெல்லாம் கொண்டுவந்திருக்கிறன்...”

குணரத்தினம் விரலைச் சூப்பிக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். நண்டின் சாறு நாடியில் வழிந்தது. வெளியே அந்த அம்மா வெயிலில் பத்து நிமிடம் நின்றார். அவர் போகும்வரை குணரத்தினம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இரண்டாம்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

லாபிருக்கு அப்போதே சோறு இறங்கவில்லை. இந்த மனிசன் பயந்தது ஆயுதக்காரருக்கு இல்லை, இந்த அம்மாவுக்குத்தான் என்று விளங்கிவிட்டது. வெளியே வரும்போது கமலாதேவியிடம் கேட்டான். ஒழுங்கையின் கடைசி வீடு கனகம்மாவுடையது. ஒரே மகன், யோகலிங்கம். ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்குகிறவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலை முடிந்து வந்தவனை வானில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று தெரியாது. அந்த அம்மா அன்று தொடக்கம் ஒவ்வொரு நாளும் இந்தக் கேற்றுக்கு வருகிறார்.

“இவர் ஏனோ அவவுக்கு முகம் குடுக்கிறாரில்லை,” என்று கமலாதேவி சொன்னார். “எனக்கே விளங்கேல்ல தம்பி.”

நாலாம் நாள் குணரத்தினம் போன் எடுத்தார். படம் மங்கலாம். லாபிர் போய்ப் பார்த்தான். கமெராக் கண்ணாடியில் எச்சில். யாரோ துப்பினது போல இல்லை. துப்பினால் தெறிக்கும், ஒழுகும். இது... வாயை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி, வட்டமாக. தடித்த, நுரைத்த எச்சில். பிடித்து இழுத்தால் நூல் மாதிரி நீளுகிறது. பேசுகிற துவாரங்களுக்குள்ளும் இறங்கியிருந்தது. மணம்... மூன்று நாள் கானுக்குள், ஊத்தைத் தண்ணியில் கிடந்த கணவாய் மீன் மாதிரி. அதோடு நனைந்து புளித்த துணியின் மணமும். லாபிர் மதிலோரம் போய் ஓங்காளித்தான்.

“எரிச்சல் பிடிச்ச சனம்,” என்றார் குணரத்தினம். “நல்லா இருக்கிறவனைக் கண்டாப் பொறுக்காது.”

லாபிரும் அப்படித்தான் நினைத்தான். யாரோ ஒழுங்கைக்காரர். மனதுக்குள் சொல்லிக்கொண்டானாம், “ஆரெண்டாலும் நல்ல வேலைதான் செய்திருக்கிறான்” என்று.

துடைத்துவிட்டு வந்தான். அடுத்த நாளும் எச்சில். அதற்கடுத்த நாளும். கமலாதேவி காலையில் டெற்றோல் ஊற்றிக் கழுவுவார், பின்னேரம் மூன்று மணிக்குப் பார்த்தால் இருக்கும். ஆள் வந்து போனதை யாரும் காணவில்லை. குணரத்தினம் லீவு போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். ஒருவரும் வரவில்லை. எழும்பி மூத்திரம் பெய்யப் போய் வருவதற்குள் திரை மங்கிவிடும்.

இனித்தான் அந்த ஹர்த்தால் நாள்.

குணரத்தினம் திரும்பக் கூப்பிட, லாபிர் சைக்கிளில் வந்து சேர்ந்தான். எச்சிலைத் துடைத்தான். துணியில் ஒட்டினதை உற்றுப் பார்த்தான். எச்சிலுக்குள் மெல்லிய நூல்கள் கிடந்தன. இடுப்பில் கட்டுகிற சாரத்தின் நூல் மாதிரி, நீலம். கொஞ்சம் இரத்தமும் கலந்திருந்தது. துணியை எறிந்துவிட்டுக் கேற்றைச் சாத்தி, படம் சரியா என்று பார்க்க உள்ளே போனான். திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினான், படம் வந்தது. வெறும் ஒழுங்கை. வெயில்.

“இப்ப கிளியர் ஐயா.”

சொல்லி வாய் மூடவில்லை.

டிங்... டொங்.

திரை இருண்டது. கரண்ட் போகவில்லை, விசிறி சுற்றுகிறது. கமெரா பழுதாகிவிட்டது என்று லாபிர் கிட்டப் போய்ப் பார்த்தான். முழு இருட்டு இல்லை. அடியில் ஏதோ அசைகிறது. தடித்தது, ஈரமானது. மேலே எழும்புகிறது, விழுகிறது. மேலே வெள்ளையாய் ஒரு வரிசை. நடுவில் இரண்டு இல்லை, அந்த இடத்தில் கறுப்பு. பின்னால் ஆழத்தில், சுருட்டி அடைத்த ஒரு துணி.

அவனுக்கு விளங்க அரை நிமிடம் பிடித்தது.

அது ஒரு வாய். வாயின் உள்பக்கம். யாரோ வாயை அகலத் திறந்து கமெராவை உள்ளே கவ்விக்கொண்டு நிற்கிறான்.

லாபிர் ஓடினான். வாசலிலிருந்து கேற்றுக்குப் பதினைந்து எட்டு இருக்கும். கேற்றை இழுத்துத் திறந்தான்.

ஒருவரும் இல்லை.

இடப்பக்கம் வெறும் ஒழுங்கை. வலப்பக்கம் வெறும் ஒழுங்கை. ஒரு நாய் நிழலில் படுத்திருக்கிறது, காதைக் கூட ஆட்டவில்லை. கமெராவிலிருந்து எச்சில் சொட்டுகிறது. தொட்டுப் பார்த்தான். ஏன் தொட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது என்கிறான். இளஞ்சூடு... இப்போதுதான் வாயிலிருந்து வந்த சூடு. அவன் தொட்டுக்கொண்டு நிற்கும்போதே அந்த எச்சில் மூச்சு விட்டது மாதிரி குமிழ்விட்டது.

திரும்பி உள்ளே ஓடினான். கமலாதேவி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் இரத்தம் இல்லை. ரிசீவரின் துவாரங்களால் அந்த மணம் வீட்டுக்குள்ளே வருகிறது. சத்தம் லாபிருக்கும் கேட்டது. துணி அடைத்த வாயால் ஒருவன் கதைக்கப் பார்க்கிற சத்தம். ம்ம்... ம்ம்... நாக்கு துணியைத் தள்ளுகிறது, ஏலவில்லை, திரும்பத் தள்ளுகிறது. கொழகொழவென்று. பிறகு ஒவ்வொரு சொல்லாக...

“அண்ணே... தெரியும்... எண்டு... சொல்லுங்கோ.”

கமலாதேவி புருசனைத் திரும்பிப் பார்த்தார்.

“இது ஆர்?”

“பிசாசு பிடிச்சவன் ஆரோ. வையும் கீழ.”

“இது கனகம்மாக்காவின்ர பெடியன்ர குரல்.”

“விசர்க் கதை கதையாதையும்.”

“அண்ணே... தெரியும்... எண்டு...”

கமலாதேவி ரிசீவரை வைக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். “அண்டைக்குப் பின்னேரம் எங்கட கேற்றடியில ஒரு வான் நிண்டது. உங்களைக் கூப்பிட்டாங்கள். ஒரு நிமிசத்தில வந்திட்டீங்கள். வழி கேட்டவை எண்டு சொன்னீங்கள். அண்டைக்குத்தானே அவனைக் கொண்டுபோனது?”

குணரத்தினம் வாசல் கதவைச் சாத்தினார்.

“என்ன கேட்டாங்கள்?”

அவர் தாழ்ப்பாளையும் போட்டார்.

“என்ன கேட்டாங்கள் எண்டு கேக்கிறன்.”

“இவனைத் தெரியுமோ எண்டு கேட்டாங்கள்,” என்றார் குணரத்தினம். கோபமாகச் சொன்னார், யாரோ அவருக்கு அநியாயம் செய்துவிட்ட மாதிரி. “அவன்தான் என்ர பேரைச் சொல்லியிருக்கிறான். குணரத்தினம் அண்ணையைக் கேளுங்கோ, அவருக்கு என்னைத் தெரியும் எண்டு. வானுக்குள்ள இருந்து பாத்துக்கொண்டிருந்தான். தெரியும் எண்டு சொல்லியிருந்தா என்னையும் ஏத்தியிருப்பாங்கள். அப்ப நீர் என்ன செய்திருப்பீர்?”

“தெரியாது எண்டு சொன்னீங்களோ?”

“சிங்களத்தில சொன்னனான். அவனுக்கு விளங்கியிருக்காது.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததாம். அதுதான் லாபிரால் மறக்க முடியாதது.

“மாமி... உங்கட அம்மா செத்தப்ப முன்னுக்கு நிண்டு பாடை தூக்கினவன்,” என்றார் கமலாதேவி.

“அதுக்கு?”

அதற்கு மேல் கமலாதேவி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. திரையைப் பார்த்தார். அந்த வாய் இன்னும் திறந்தபடி. நாக்கு அசைகிறது. திரையின் உள்பக்கக் கண்ணாடியில் நீராவி படிந்திருக்கிறது... வெளியே கமெராவில் இல்லை, இங்கே வீட்டுக்குள்ளே இருக்கிற திரையில். லாபிர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். கமலாதேவி பொத்தவில்லை. ரிசீவரை உதட்டோடு வைத்துக்கொண்டார்.

“தெரியும் ராசா,” என்றார். “உன்னை எங்களுக்கு நல்லாத் தெரியும். நீ கனகம்மாக்காவின்ர மகன் யோகலிங்கம். எங்கட கிணத்து மோட்டர் திருத்தித் தந்தனீ. மாமியைத் தூக்கினனீ. இந்த வீட்டுக்குத் தெரியும் உன்னை. கேக்குதோ? தெரியும்.”

சத்தம் நின்றது.

“இது உன்ர வீடில்லை அப்பன். உன்ர அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா. வீட்ட போ.”

ஒரு நீண்ட மூச்சு. தொண்டையில் இறுகினது எதையோ இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு சத்தம்... எடுபடவில்லை. பிறகு ஒன்றும் இல்லை.

திரை வெளித்தது. ஒழுங்கை. வெயில். நாய் எழும்பி நின்று ஒழுங்கையின் கடைசிப் பக்கம் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

குணரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கழுத்தடியைத் துடைத்தார். திரையைக் குனிந்து பார்த்தார்.

“இப்ப படம் நல்லாத் தெரியுது தம்பி,” என்றார். “கமலா, ஒரு தேத்தண்ணி போடும்.”

அவருக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பேய் அடித்து விழுத்தியதா, இரத்தம் கக்கினாரா... ஒன்றும் நடக்கவில்லை. இடமாற்றம் எடுத்துக்கொண்டு கொழும்புப் பக்கம் போனார். பென்சன் எடுத்தார். நன்றாகச் சாப்பிடுகிறார், சீனி வருத்தம், பிரசர் ஒன்றும் இல்லை என்று கேள்வி. பேய்க் கதை சொல்லுகிற எனக்கு இதைச் சொல்லத்தான் அருவருப்பாக இருக்கிறது.

கமலாதேவி அன்று தேத்தண்ணி போடவில்லை. இரவு முழுக்கக் குசினிக்குள் இருந்திருக்கிறார். விடிய ஆறரைக்கு லாபிருக்குப் போன் எடுத்தார். “தம்பி, அவவிட்ட உண்மையைச் சொல்லப் போறன். தனியப் போக ஏலாமக் கிடக்கு. ஒருக்கா வருவீங்களோ?”

லாபிர் போனான். சின்ன வீடு, தகரக் கூரை. முன் அறை ஒன்று, உள்ளே ஓர் அறை, இடையில் சீலைத் திரை. கதவு திறந்து கிடந்தது. வாசலில் வைத்தே அந்த மணம்... கணவாய், புளித்த துணி. கமலாதேவி தூணைப் பிடித்துக்கொண்டார்.

கனகம்மா முன் அறையில் நிலத்தில் இருந்தார். தலை வாரிக் கொண்டை போட்டு, வெளுத்த சீலை உடுத்து. முகம் ஒரே நாளில் பத்து வயது குறைந்திருந்தது. இவர்களைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

“மெதுவாக் கதையுங்கோ பிள்ளை. இப்பதான் படுத்தவன்.”

அவருக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை. சோறு, பருப்பு, பொரித்த சூடை மீன். லாபிர் கிட்டப் பார்த்தான். சோறு முழுக்க மென்று துப்பியது. கூழாகி, நுரைத்து, நூல் நூலாய் எச்சில். மீன் முள்ளும் சதையும் சேர்த்து அரைபட்டிருந்தது. நீல நூல்கள் அங்கங்கே.

“நல்ல பசி பெடியனுக்கு,” என்றார் கனகம்மா. “வாய் நிறைய வைக்கிறான். ஆனா விழுங்க ஏலாதாம். தொண்டைக்குள்ள என்னவோ நிக்குதாம். எல்லாத்தையும் திருப்பிக் கோப்பைக்குள்ளயே போட்டிட்டான், பாவம்.”

கமலாதேவி சொல்ல வந்ததைச் சொல்ல வாய் திறந்தார். வாந்திதான் வந்தது. முற்றத்துக்கு ஓடினார். லாபிர் சட்டையால் மூக்கைப் பொத்தினான். 

கனகம்மா இருவரையும் பார்த்தார். அவருக்கு அது விளங்கவேயில்லை.

“ஏன் அரியண்டப்படுறீங்கள்?” என்று கேட்டார். “பிள்ளையின்ர எச்சில்தானே.”

கையை விட்டுக் கோப்பையில் கிடந்ததைக் குழைத்தார். ஒரு கவளம் திரட்டினார். வாயில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கினார்.

சீலைத் திரைக்குப் பின்னால், இருட்டுக்குள்... யாரோ மடக்கென்று விழுங்குகிற சத்தம் லாபிருக்குத் தெளிவாகக் கேட்டது.